எஸ். ராவ்னின் எழுபத்தொரு கட்டுரைகள்

சிசெல் ராவ்னுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் பத்தொன்பது வருடங்களை மனிதர்களின் கண்ணீரோடு கழித்திருந்தாள். கண்ணில் ஒரு கீறல் விழுந்தால் கண்ணீரே அதை எப்படி ஆற்றுகிறது, சிலருக்கு மட்டும் ஏன் ஆறாமல் போகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. உலகத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் மொத்தம் நாற்பது பேர் இருந்தால் அதிகம். ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படிப்பார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏதோ ஓர் ஊரில் ஒரே ஹோட்டலில் கூடுவார்கள், கலைவார்கள். அதற்கு வெளியே அவர்களை யாருக்கும் தெரியாது. சிசெல்லுக்கு அது குறையாகப் பட்டதே இல்லை, அந்த இலையுதிர்காலம் வரும்வரை.

அக்டோபர் தொடக்கத்தில் கோபன்ஹேகனில் அவள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனம் பதினோரு விஞ்ஞானிகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர். யார் என்பதை மனிதர்கள் முடிவு செய்யப் போவதில்லை, எண்கள் முடிவு செய்யும் என்றார்கள். எத்தனை கட்டுரைகள், அவற்றை மற்ற விஞ்ஞானிகள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், கடைசியாக எச் எண். பதினான்கு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பதினான்கு தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எச் எண் பதினான்கு. சிசெல்லின் எண் அதேதான். முப்பத்துநான்கு கட்டுரைகள், அறுநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள், பதினான்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அவளுடைய பிரிவில் ஆறு பேர். மற்ற நால்வரும் இருபதுக்கு மேலே. ப்ரேபென் ஊஸ்டர்பி மட்டும் பதினேழு. ஆக, ஆறு பேரில் கடைசி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த இரண்டு வாரமும் சக ஊழியர்கள் அவளிடம் தேவைக்கு மேல் அன்பாக நடந்துகொண்டார்கள். காபி இயந்திரத்தில் அவளுக்கு முதலில் வழிவிட்டார்கள். அதைவிட மோசமான அறிகுறி வேறென்ன வேண்டும்.

ப்ரேபென் மட்டும் மாறவில்லை. ஐம்பத்தெட்டு வயது, பெரிய உடம்பு, தினமும் மதியம் அதே கறுப்பு ரை ரொட்டியும் அதில் தடவிய ஈரல் பசையும். சிசெல்லின் ஆய்வுக்கூடத்துக்கு 'அழுகை இலாகா' என்று பெயர் வைத்தவர் அவர்தான். நுண்ணோக்கியில் அவள் பதிவு செய்திருந்த நேரத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு, "உன் கண்ணீர் ஃப்ரீஸர்லதானே இருக்கு, காஞ்சா போயிடும்?" என்பார். அவளுக்கு அவரைப் பிடிக்காது. பதினோரு வருடங்களாகப் பக்கத்து மேஜை.

அவரவர் எண்களை அச்சடித்த தாள்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தன. ஆளுக்கொரு மூடிய உறை. சிசெல் தன்னுடையதைக் கழிப்பறைக்குள் எடுத்துப்போய்ப் பிரித்தாள். முதலில் பெயரைப் பார்த்தாள். பெயர் சரி. அதற்குக் கீழே எழுபத்தொரு கட்டுரைகள் என்றிருந்தது. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது மேற்கோள்கள். எச் எண் இருபத்தேழு.

உறையின் மேல் திரும்பவும் பெயரைப் பார்த்தாள். சிசெல் ராவ்ன், மூன்றாம் மாடி.

மேஜைக்குத் திரும்பி, எண்கள் வந்த தரவுத்தளத்தைத் திறந்து தன் பக்கத்துக்குப் போனாள். ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. தன் முப்பத்துநான்கு கட்டுரைகளுக்கு நடுவே முன்பின் பார்த்திராத தலைப்புகள். வீக்கத்தை உண்டாக்கும் புரதங்கள் ரத்தத்தில் துளியளவு இருந்தாலும் அளந்துவிடும் ஒரு முறை பற்றிய கட்டுரை. அது ஒன்றுக்கே ஆயிரத்து நானூறு மேற்கோள்கள். ஆசிரியர் எஸ். ராவ்ன். தேடிப் பார்த்தாள். சுன்னிவா ராவ்ன், நார்வே, பெர்கன் நகரம். பத்து வருடங்களுக்கு முன்னால் இரண்டு வருடம் கோபன்ஹேகனில் வேலை பார்த்திருக்கிறாள். அதே ஊர், அதே முதலெழுத்து, அதே குடும்பப் பெயர். வசந்தகாலத்தில் தரவுத்தளக்காரர்கள் ஏதோ மென்பொருளை மாற்றியபோது இரண்டு ராவ்ன்களையும் ஒருத்தியாக்கிவிட்டார்கள்.

சிசெல் பக்கத்தை மூடினாள். யாரோ தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டது போலக் காது சுட்டது. திரும்பினால் யாரும் இல்லை.

தாளின் அடியில் ஒரு கோடு போட்டிருந்தது. 'மேற்கண்ட தகவல்களைச் சரிபார்த்தேன், அவை சரியானவை.' வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

புதன்கிழமை அவள் பிரிவுத் தலைவி லிஸ்பெட்டின் அறைக்குப் போனாள். லிஸ்பெட் நல்லவள்தான். அந்த வாரம் மட்டும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்தத் தாள்ல தப்பு இருந்தா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள் சிசெல்.

"கொறச்சலா வந்திருக்கா?"

"இல்ல. கொறச்சல்னு இல்ல."

லிஸ்பெட் பேனாவைக் கீழே வைத்தாள். "சிசெல், கொறச்சலா வந்திருக்குன்னு சொல்லி காலைலேர்ந்து நாலு பேர் இந்த நாற்காலில உக்காந்து எழுந்து போயிட்டாங்க. ரெண்டு பேர் அழுதாங்க. உனக்குக் கொறச்சல் இல்லேன்னா தயவுசெஞ்சு கையெழுத்து போட்டுக் குடு. நான் யாரோட எண்ணையும் பாக்கல, பாக்கவும் மாட்டேன்."

"சரி."

"வேற ஏதாவது இருக்கா?"

சிசெல்லின் வாயில் வார்த்தை வந்து நின்றது. பல் இடுக்கில் சிக்கியது மாதிரி அங்கேயே இருந்தது. "ஒண்ணும் இல்ல" என்று எழுந்து வந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் பிரிவில் கேக் வெட்டுவது வழக்கம், ஆளுக்கொரு வாரம். அந்த வாரம் ப்ரேபென் முறை. அவரே சுட்ட ஆப்பிள் கேக்கைத் தகரப்பெட்டியோடு சைக்கிளில் மழையில் கொண்டுவந்திருந்தார். "நாம யாராவது ஒருத்தர் சாப்பிடற கடைசி கேக்கா இருக்கலாம். அதனால வெண்ணெய் தாராளமா போட்டிருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிசெல்லும் சிரித்தாள். ஒரு துண்டு தின்றாள். பதினொன்றே முக்கால் மணிக்குத் தாளில் கையெழுத்துப் போட்டு லிஸ்பெட்டின் அறைக்கு வெளியே இருந்த தட்டில் வைத்தாள். வைத்த பிறகு ஐந்து நிமிடம் தாழ்வாரத்திலேயே நின்றாள். ஒருவர் வந்து தட்டை உள்ளே எடுத்துப் போனார்.

அன்றிலிருந்து சிசெல்லுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டாலே அனுப்புநர் பெயரைத்தான் முதலில் தேடினாள். இரவு சாப்பாட்டின்போது அவள் கணவன் யெப்பே, "எலி மாதிரி கொறிக்கறே" என்றான். யெப்பே நகரத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில் தோட்டக்காரன். வேலையை விட்டு வந்ததும் வேலையைப் பற்றிப் பேசாத மனிதன். அவளையும் கேட்டுத் துளைப்பதில்லை. அந்த வாரம் அவன் கேட்டுத் துளைத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த புதன்கிழமை ப்ரேபெனைக் கூப்பிட்டனுப்பினார்கள். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார், மூடினார்.

"நான்தான்" என்றார்.

சிசெல் பேனாவை மூடி வைத்தாள்.

"ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுக்க நவம்பர் மூணு வரைக்கும் டைமாம். என்னன்னு எழுதறது? என்னைவிட மோசமானவன் ஒருத்தன் இருக்கான்னா? பதினேழுக்குக் கீழ யாரும் இல்லையாமே." அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது. "நீதான்னு நெனச்சேன், சிசெல். உண்மையச் சொல்றேன், வருத்தப்படாதே. ரெண்டு வாரமா உன்னை நெனச்சுப் பாவப்பட்டுட்டு இருந்தேன். வீட்ல கூடச் சொன்னேன்."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றாள். அந்த மூன்று வார்த்தை பொய்யில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள், வியாழக்கிழமை காலை, பெர்கனிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ராவ்ன் என்ற பெயரை அனுப்புநர் இடத்தில் பார்த்ததும் தானே தனக்கு எழுதிக்கொண்டோமோ என்று ஒரு கணம் குழம்பினாள். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. தன்னுடைய நாற்பத்திரண்டு கட்டுரைகளில் முப்பத்தேழு சிசெல்லின் பக்கத்தில் கிடக்கின்றன, நான்கு மாதமாகத் தரவுத்தளக்காரர்களுக்கு எழுதியும் பதில் இல்லை, ஆனால் பக்கத்துக்குச் சொந்தக்காரரே உள்ளே போய் 'இது என்னுடையது அல்ல' என்று குறித்தால் உடனே திரும்பி வந்துவிடுமாம், கொஞ்சம் செய்ய முடியுமா என்று சுன்னிவா கேட்டிருந்தாள். கீழே தொலைபேசி எண்.

சிசெல் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டடத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டாள். எழுதிப் பதில் போட்டால் அது எங்கேயோ பதிந்து நின்றுவிடும் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு தனக்கு வந்தது என்பதே அவளைப் பயமுறுத்தியது.

"ஐயோ, நீங்களே கூப்பிடுவீங்கன்னு நெனைக்கல" என்றாள் சுன்னிவா. இளைய குரல், முப்பத்தைந்து நாற்பது இருக்கும். பின்னால் ஒரு குழந்தை தட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. "தொந்தரவு குடுக்கறேனோன்னு யோசிச்சு யோசிச்சு எழுதினேன்."

"இல்ல இல்ல. உங்களுக்கு எப்போ வேணும்?"

"என்னோட ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது. நவம்பர் பதினஞ்சாம் தேதி குழு உக்காருது. அன்னிக்குத்தான் எண்ணெல்லாம் எடுப்பாங்க. போன தடவ எடுத்தப்போ நான் வாழ்க்கைல அஞ்சே கட்டுரை எழுதினவளா இருந்தேன்." சிரிக்கப் பார்த்தாள். "பதினஞ்சாம் தேதிக்கு முன்னாடி எப்போன்னாலும் சரி. உங்களுக்கு வசதிப்படறப்போ."

"பதினஞ்சுக்கு முன்னாடி."

"ஆமா. ஒரு பத்தாம் தேதி வாக்குல கூடப் போதும்."

ஃபோனை வைத்த பிறகும் சிசெல் கொட்டகையிலேயே நின்றாள். கூரையிலிருந்து யாருடைய சைக்கிள் இருக்கையிலோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நவம்பர் மூன்றாம் தேதி இங்கே பட்டியல் முடிந்துவிடும். பதினைந்தாம் தேதி அங்கே குழு உட்காருகிறது. நடுவில் பன்னிரண்டு நாள். நான்காம் தேதியோ ஐந்தாம் தேதியோ அந்த முப்பத்தேழையும் திருப்பிக் கொடுத்தால் பெர்கன்காரிக்கு ஒரு குறையும் இல்லை, நன்றி கூடச் சொல்வாள். இங்கே யாரும் மறுபடி எண்ணிப் பார்க்கப் போவதில்லை. எல்லாம் தானாகவே அவளுக்காக அமைந்து கொடுத்தது. ப்ரேபென் ஒருவர்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். யெப்பே ஒரு வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருந்தான். அவள் பகலில் அங்கே வந்ததே இல்லை. கத்தரியைக் கீழே வைத்தான்.

"யாரு செத்துட்டாங்க?"

"யாரும் இல்ல."

பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தாள், கையெழுத்து, கேக், ப்ரேபென், பெர்கன். அவன் கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

"கையெழுத்து போடறப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நல்லாத் தெரியுமா?"

"யெப்பே, ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடுச்சு."

நாயோடு ஒரு பெண் அவர்களைக் கடந்து போனாள்.

"அப்போ நாலாம் தேதி பண்ணிடு" என்றான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். வேறு ஏதோ சொல்வான் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள்.

"என்ன பாக்கற? உனக்கு வயசு அம்பத்தொண்ணு. கண்ணீருக்குன்னு வேற எந்த ஊர்ல ஆய்வுக்கூடம் இருக்கு? அந்த ஆளு உனக்கு என்னிக்காவது ஒரு நல்ல வார்த்த சொல்லியிருக்கானா? பதினோரு வருஷமா அவனைப் பத்திச் சொல்லித்தானே சாயங்காலம் புலம்புவே. ரெண்டு வருஷம் போனா அவனே ஓய்வு எடுத்துக்கலாம். தப்பு பண்ணினது கம்ப்யூட்டர்."

"கையெழுத்து போட்டது நான்."

"சரி, நீதான் போட்ட. போட்டாச்சே." கத்தரியை எடுத்துக்கொண்டான். கோபமில்லை. "உனக்கு எது வேணுமோ அதப் பண்ணு. நான் எதுக்கும் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா என்னைக் கேட்டா, நாலாம் தேதி."

சனியும் ஞாயிறும் அவள் அவன் சொன்னதைச் செய்துவிடுவது என்றே இருந்தாள். காய்ந்த துணிகளை மடித்தாள். மாமியார் வீட்டுக்குப் போய் வாத்துக் குழம்பு சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மா பார்ப்போமே என்று சுன்னிவாவின் அந்தப் பெரிய கட்டுரையைத் திறந்து படித்தாள். படிக்கப் படிக்க நிமிர்ந்து உட்கார்ந்தாள். நல்ல கட்டுரை. வேறு யாரோ செய்த நல்ல வேலை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. தான் ஒருநாளும் இப்படி யோசித்திருக்க மாட்டோம் என்பதும் தெரிந்தது. இதைத் தன்னுடையது, 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடையில் திருடினவள் வீட்டுக்கு வந்து பையைத் திறந்து பார்த்தது போல இருந்தது.

திங்கள்கிழமை ஏழரை மணிக்கு, பிரிவில் யாரும் வருவதற்கு முன்னால், அவள் தன் பக்கத்தைத் திறந்து முதல் கட்டுரைக்குப் பக்கத்தில் 'இது என்னுடையது அல்ல' என்று குறித்தாள். மொத்தமாகத் தள்ள வழியில்லை. ஒவ்வொன்றாகத்தான். ஒவ்வொன்றுக்கும் 'உறுதியா?' என்று கேட்டது. ஆயிரத்து நானூறு மேற்கோள் இருந்ததை முதலில் தள்ளினாள், பின்னால் மனது மாறிவிடக்கூடாது என்று. அவசரத்தில் இரண்டு தடவை தன் சொந்தக் கட்டுரையையே தள்ளப் போய்த் திரும்ப எடுத்தாள். இருபத்தேழு இருபத்திரண்டாயிற்று, பிறகு பத்தொன்பது. முப்பத்தேழாவதைத் தள்ளியபோது பதினான்கில் வந்து நின்றது. எட்டு பத்துக்கு அதை அச்சடித்து லிஸ்பெட்டின் அறைக்குப் போனாள். வாயில் சிக்கி நிற்க இந்தத் தடவை அவள் இடம் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

லிஸ்பெட் தாளை நெடுநேரம் பார்த்தாள். "நீ இத எனக்குப் போன புதன்கெழமைக்கு முந்தின புதன்கெழம சொல்ல வந்தே."

"ஆமா."

"நான்தான் சொல்லவிடல."

"நான் சொல்லியிருக்கலாம். கதவு தொறந்துதான் இருந்துச்சு."

"கையெழுத்து போட்டிருக்கே, சிசெல். இத நான் நிர்வாகத்துக்குச் சொல்லியாகணும். இது வெறும் எண் விஷயம் இல்ல இப்போ. புரியுதா?"

"புரியுது."

ப்ரேபென் ஒன்பது மணிக்கு வந்தார். அவர் கோட்டை மாட்டும்வரை காத்திருந்து, லிஸ்பெட் சொல்வதற்கு முன்னால் தானே சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை, ஏதோ விளையாட்டு என்று நினைத்தார். பிறகு முகம் மெதுவாக மாறியது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"செவ்வாக்கெழமை."

"எந்தச் செவ்வா?"

"தாள் வந்தன்னிக்கு."

அவர் மனதுக்குள் நாள்களைக் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்போ என் கேக்கத் தின்னப்போ தெரியும்."

"தெரியும்."

"நான் இங்க உக்காந்து நான்தான்னு சொன்னப்போ தெரியும்."

"ஆமா, ப்ரேபென்."

"நான் வீட்ல போயி என் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். அவ ராத்திரி பூரா தூங்கல. பாத்திரத்தத் தேச்சதையே தேச்சுட்டிருந்தா." அவர் குரலை உயர்த்தவில்லை. "அஞ்சு நாளு. நீ எனக்குப் பக்கத்துல உக்காந்துட்டு."

சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு பல வாரங்கள் அவர் அவளிடம் பேசவில்லை.

விசாரணை வியாழக்கிழமை நடந்தது. நீண்ட மேஜையில் அந்த ஊர்க் கூட்ட வழக்கப்படி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். லிஸ்பெட், நிர்வாகத்திலிருந்து, பெயர் சொல்லியும் அவளுக்கு மறந்துபோன ஒரு மனிதர், சிசெல்லுக்குத் துணையாகத் தொழிற்சங்கத்திலிருந்து விபேகே. உள்ளே போவதற்கு முன்பு விபேகே அவள் கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப் போயிருந்தாள்.

"கேளு. அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. கையெழுத்து போடறப்போ தெரியுமா, தெரியாதா. உனக்குச் சந்தேகமா இருந்துச்சு, உறுதியாத் தெரியல, பெர்கன்லேர்ந்து கடிதம் வந்தப்புறம்தான் புரிஞ்சுதுன்னு சொன்னா, விஷயம் அதோட முடிஞ்சுது. அது பொய்யின்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. வேலை போகும், அது வேற. ஆனா பேரு கெடாது. தெரியும்னு சொன்னா உன் கோப்புல எழுதுவாங்க. அடுத்த எடத்துல கேப்பாங்க."

சிசெல் தலையாட்டினாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் தண்ணீர்க் குவளையை எடுத்தாள், குடிக்காமலே திரும்ப வைத்துவிட்டாள். நிர்வாகத்து மனிதர் மென்மையாகத்தான் கேட்டார்.

"கையெழுத்திட்டபோது அந்த எண்கள் உங்களோடது இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதா?"

விபேகேயின் முழங்கால் மேஜைக்கடியில் அவள் முழங்காலைத் தொட்டது.

சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. சந்தேகமாக இருந்தது. எத்தனை சின்ன வாக்கியம். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் இன்னொரு தாளில் கையெழுத்துப் போட்டது போல ஆகும், அதையும் எப்போது யார் கண்டுபிடிப்பார்களோ என்று இனி ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்புநர் பெயரைத் தேட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பெரிய நேர்மை என்று அவள் அதை நினைக்கவில்லை. அவளால் இன்னொரு வாரம் அப்படி இருக்க முடியாது, அவ்வளவுதான்.

"தெரிஞ்சிருந்தது" என்றாள்.

விபேகே மூச்சை விட்டாள். அந்த மனிதர் எழுதிக்கொண்டார். மெழுகுவர்த்தி கொஞ்சம் சாய்ந்து எரிந்தது. லிஸ்பெட் அதை நேராக்கினாள்.

ப்ரேபெனுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதே வாசகங்களோடு சிசெல்லுக்கு ஒன்று வந்தது, ஆறு மாத அறிவிப்பு. கூடவே கோப்பில் வைக்க ஓர் எச்சரிக்கைக் கடிதம். யெப்பேயிடம் காட்டினாள். படித்துவிட்டு மேஜையில் வைத்தான். "நாலாம் தேதின்னு சொன்னேன்" என்றான். பிறகு எழுந்து அவள் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தான்.

பெர்கனிலிருந்து நவம்பர் கடைசியில் செய்தி வந்தது. குழு சுன்னிவாவுக்கு மூன்று வருடம் நீட்டிப்புக் கொடுத்திருந்தது. 'உங்களுக்கு இதனால் ஒன்றும் சிரமம் இல்லையே?' என்று கடைசி வரியில் கேட்டிருந்தாள். சிசெல் இல்லை என்று எழுதினாள். அந்த ஒரு பொய்யை அவள் வைத்துக்கொண்டாள்.

போவதற்கு முன் தீர்க்க வேண்டிய பெரிய விஷயம் ஒன்று இருந்தது. பதினான்கு வருடமாக அவள் சேகரித்த கண்ணீர் மாதிரிகள், இரண்டாயிரத்து முந்நூறு சின்னக் குழாய்கள், ஆழ்குளிர்ப் பெட்டியில் உறைந்து கிடந்தன. வெளியேறுகிறவரின் மாதிரிகளுக்கு நிறுவனத்துக்குள் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் ஏப்ரல் முதல் தேதி அழித்துவிடுவார்கள். எல்லோருக்கும் எழுதினாள். மூன்று பேர் வருத்தம் தெரிவித்தார்கள், மற்றவர்கள் அதையும் செய்யவில்லை. மார்ச் முழுவதும் அவள் தினமும் அந்தப் பெட்டியின் கதவில் இருந்த பெயர்ப் பட்டியலைப் போய்ப் பார்த்து வந்தாள். அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'ஏப்ரல் 1' என்று இருந்தது.

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு காலை அந்தச் சிவப்பு எழுத்து கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் 'பொறுப்பு: பி. ஊஸ்டர்பி'.

அவர் மேஜையில் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். அவள் போய் நின்றாள்.

"நன்றி சொல்லாதே" என்றார் நிமிராமலே. "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே. மன்னிக்கல."

"சரி."

"ரெண்டாயிரத்து முந்நூறு பேர் வந்து உக்காந்து கண்ணத் தொறந்து குடுத்துட்டுப் போயிருக்காங்க. அதுல அவங்க தப்பு என்ன?" ஒரு கடி கடித்து மென்று விழுங்கினார். "தட்டு ஒண்ணும் அஞ்சும் நிறையப் பனி கட்டியிருக்கு. ஒருநாளாவது உருக்கியிருக்கியா நீ? போறதுக்கு முன்னாடி வந்து சுத்தம் பண்ணிட்டுப் போ. என்னால குனிய முடியாது."

அன்று பிற்பகல் இருவரும் பேசாமல் இரண்டு மணி நேரம் பனியைச் சுரண்டினார்கள்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் தெற்கே ஒரு சிறிய ஊரின் மருத்துவமனையில் கண் பிரிவுக்கு நேர்காணல் இருந்தது. சோதனைக்கூட வேலை, ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. ரயிலில் போகும்போதே அவள் கேள்விகளை மனதுக்குள் வரிசைப்படுத்தினாள். எண் என்ன என்று கேட்பார்கள், பதினான்கு என்று சொல்ல வேண்டும். பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள், அதையும் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பதிலை ஒத்திகை பார்த்திருந்தாள்.

தலைமை மருத்துவர் அவளை விட இளையவர், கோட்டுப் பையில் மூன்று பேனா. காபி ஊற்றிக் கொடுத்தார். நோயாளிகளைப் பற்றிச் சொன்னார், வயலில் வேலை செய்து கண்ணில் கீறலோடு வருகிறவர்கள், ஆறாமல் மாதக்கணக்காக வருகிறவர்கள். கேள்விகள் வந்தன. வரிசையாக நாற்பது நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் இதுதான், இதுதான் என்று அவள் காத்திருந்தாள்.

பழைய இடத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னாள், முழுவதும். அவர் ஒரு பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"அந்த எச்சரிக்கைக் கடிதத்தோட ஒரு நகல எனக்கு அனுப்பிடுங்க, கோப்புல வைக்கணும்" என்றார். "இங்க கட்டுரையெல்லாம் யாரும் எண்ணறதில்ல, யாரும் எழுதறதும் இல்ல. காலைல ஏழு மணிக்கு ஆள் வேணும். உங்க ஊர்லேர்ந்து அந்நேரத்துக்கு ரயில் கெடையாது. கார் ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேன்" என்றாள்.

"அடுத்த வாரம் சொல்றோம்."

அவள் ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் சொன்ன விதத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொல்றோம் என்றால் என்ன அர்த்தம். யெப்பேயைக் கூப்பிட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"கார் ஓட்டுவியான்னு கேட்டாங்க."

மறுமுனையில் எங்கேயோ செடி வெட்டும் சத்தம் கேட்டது, நின்றது. "இருவது வருஷமா நீ காரே ஓட்டலையே" என்றான் யெப்பே.

"தெரியும்" என்றாள் சிசெல். "சனிக்கெழம என்னைக் கூட்டிட்டுப் போயி ஓட்டச் சொல்லிக்குடு."